திங்கள் முதல் சனி வரை

தால்கர் பயிற்சி முகாம்
ஜூன் 4

திலேகெனுக்கு,

அக்கா எழுதுகிறேன். பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே.

கெகாய் மாஸ்டர் எங்கள் கைப்பேசிகளை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார். செப்டம்பர் தேர்வுப் போட்டி முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். கிடைத்தாலும் என்ன? கார்காரா மேய்ச்சலில் எந்தக் குன்றின் மேல் ஏறி நின்றாலும் உனக்கு சிக்னல் வராது. வந்தாலும் எடுக்கமாட்டாய். மார்ச்சில் நடந்த நவ்ரீஸ் புத்தாண்டு விழாவிலிருந்து நீ என்னோடு பேசவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் பால் வண்டி துர்சுன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த விழாவின் குதிரைப் பந்தயத்துக்கு முதல் நாள் தார்லானை விலக்கிக்கொண்டாய். ஊர் முழுக்க நம் குதிரைக்காகக் காத்திருந்தது. "குதிரைய மடியில போட்டுத் தாலாட்டுறவனுக்கெல்லாம் எதுக்குப் பந்தயம்?" என்று சொன்னேன், கோழை என்றேன். சொன்னது சொன்னதுதான். எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

உலகப் பளுதூக்கும் போட்டிக்குப் போகும் அணியில் 69 கிலோ பிரிவுக்கு ஒரே ஓர் இடம். எனக்கு முப்பத்தொன்று. இதுவரை இரண்டு உலகப் போட்டிகளுக்கு மாற்று வீராங்கனையாகப் போயிருக்கிறேன், மேடை ஏறியதில்லை. இந்த முறை விட்டால் இனி யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. என்னோடு அந்த இடத்துக்கு மோதுபவள் ரைஹான், ஷிம்கென்ட் பக்கத்துப் பெண். வயது இருபது. மூன்று படி இறங்கினாலும் தாவித்தான் இறங்குவாள்.

நான் கடுமையாகப் பயிற்சி செய்கிறேன். இவ்வளவு கடுமையாக வாழ்நாளில் செய்ததில்லை. குர்த் இருந்தால் அனுப்பு. நல்ல புளித்த தயிரில் உருட்டிக் காயவைத்தது, பல் உடைகிற மாதிரி.

உன் அக்கா,
உல்போல்சின்

*

கார்காரா
ஜூன் 16

அக்காவுக்கு,

குர்த் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அம்மா உருட்டியது. உன்மேல் கோபமில்லாதவர் கை பட்டது, தைரியமாகச் சாப்பிடு.

மூன்று பெண்களுக்குப் பிறகு உனக்கு "மகன் பிறக்கட்டும்" என்று பெயர் வைத்தார்கள். பெயர் பலித்தது, நான் வந்தேன். அந்த நன்றிக்காக இருபத்தேழு வருடமாக உன் வாய்க்கு அடங்கி நடக்கிறேன். நவ்ரீஸ் அன்று கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

அது கிடக்கட்டும். மூன்று கேள்வி, ஒழுங்காகப் பதில் எழுது. தூக்கம் எப்படி? சாப்பாட்டைப் பார்த்தால் ஆசை வருகிறதா, கடமைக்கு விழுங்குகிறாயா? காரணமில்லாமல் யார் மேலாவது எரிந்து விழுகிறாயா? மூன்றாவதற்குப் பதில் தேவையில்லை, உன் கடிதத்திலேயே இருக்கிறது.

முதல் பக்கத்தில் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொன்றும் சாய்ந்து கிடக்கிறது. ஒரு பக்கம் எழுதுவதற்குள் உன் கைக்கு என்ன ஆயிற்று?

துர்சுன் அண்ணன் உன்னை வாசலில் பார்த்தாராம். "ஒங்க அக்கா எளச்சுப் போச்சு தம்பி. நெருப்பு மட்டும் கண்ணுல இருக்கு, ஒடம்புல இல்ல" என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை.

திலேகென்

*

தால்கர்
ஜூன் 28

திலேகெனுக்கு,

நான் குதிரை இல்லை. முதலில் அதை எழுதி வைத்துக்கொள்.

ஆனாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன். தூக்கம் வருகிறது, விடியும் முன் போய்விடுகிறது. சோறு இறங்கவில்லை. ஸ்நாட்ச்சில், அதுதான் எடை மாட்டிய பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது, மே மாதம் 108 கிலோ தூக்கினேன். என் வாழ்நாளின் உச்சம் அதுதான். ஜூன் நடுவில் 104. நேற்று 101-ஐ மூன்று முறை இழுத்து மூன்று முறையும் பின்னால் போட்டேன். ரைஹான் 105 தூக்கிவிட்டு வந்து என் தோளைத் தட்டினாள். தட்டிய கையைக் கடித்திருப்பேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மாஸ்டர் வியாழக்கிழமைகளில் ஓய்வு கொடுக்கிறார். நான் எடுப்பதில்லை. அன்று மதியம் ஜிம்மைக் கழுவ ஓர் அம்மா வருவார். மாஸ்டர் அனுமதி கொடுத்ததாக அவரிடம் பொய் சொல்லி, உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்கிறேன். ஏன் என்று கேட்காதே, உனக்கே தெரியும். அப்பா சொன்னதுதான்: "வேர்வ தண்ணியாகுற வரைக்கும் ஓட்டு. உப்புக் கரிச்சா குதிர இன்னும் தயாராகல." தினமும் பயிற்சி முடிந்ததும் முன்கையை நக்கிப் பார்க்கிறேன். சிரிக்காதே. இன்னும் உப்புக் கரிக்கிறது, திலேகென். போன மாதத்தைவிட அதிகமாக. அப்படியென்றால் நான் இன்னும் போதுமான அளவு உழைக்கவில்லை.

ஒன்பது வயதில் அப்பாவின் பந்தயக் குதிரை மேல் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க ஓட்டியவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு நீ பாடம் எடுக்காதே.

உல்போல்சின்

*

கார்காரா
ஜூலை 7

அக்காவுக்கு,

சிரிக்காதே என்றாய். சிரித்தேன். பிறகு கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

நவ்ரீஸ் பந்தயக் குதிரையை அப்பா எப்போது தயார் செய்வார்? பிப்ரவரியில். அப்போது நீ எங்கே இருந்தாய்? கேகென் விடுதிப் பள்ளியில். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவாய். ஞாயிறு காலை அப்பா உன்னைக் குதிரை மேல் ஏற்றிவிடுவார், நீ ஆற்றோரம் எட்டுக் கல் ஓட்டி வருவாய். அவர் குதிரையின் கழுத்து வியர்வையை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். மாலையில் நீ பள்ளிக்குக் கிளம்பிவிடுவாய். அடுத்த வாரம் வருவாய், மறுபடி ஓட்டம், மறுபடி வியர்வை. கண்ட ஒவ்வொரு நாளும் அந்தக் குதிரை ஓடியதால், தினமும் ஓடுகிறது என்று நினைத்துவிட்டாய்.

எனக்கு அப்போது ஐந்து வயது. திங்கள் முதல் சனி வரை வீட்டில் இருந்தவன் நான்தான். அது என்ன செய்தது தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. அப்பா அதைக் கம்பளி போர்த்திக் கட்டி வைப்பார். அளந்து புல், அளந்து தண்ணீர். தினம் ஒரு முறை கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்தி வருவார். நான் ஏறுகிறேன் என்று அடம் பிடித்தால், "போடா, அது வேல செஞ்சுக்கிட்டு இருக்கு, தொந்தரவு பண்ணாத" என்பார். நிற்கிற குதிரை என்ன வேலை செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அக்கா, வியர்வை ஓடும்போது தெளிவதில்லை. ஓடிவிட்டு நிற்கிற நாட்களில் தெளிகிறது. நிற்க விடாமல் ஓட்டினால் மறுபடி உப்பு ஏறும். நீ பாதி வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு உன் மேலேயே பிரயோகம் செய்கிறாய்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பாய். சொல்கிறேன். பிப்ரவரியில் நீ விடுமுறைக்கு வந்தபோது, சாப்பிடும் இடத்தில், "இத வெச்சு ஓட்டுறியா, ஊட்டுறியா?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். ரோஷம் வந்து தார்லானைக் கட்டி நிறுத்த வேண்டிய நாட்களில் நான்கு முறை ஓட்டினேன். பந்தயத்துக்கு முதல் நாள் அதன் வியர்வை பிசினாக இருந்தது. ஓட்டியிருந்தால் பாதி வழியில் விழுந்திருக்கும். விலக்கிக்கொண்டேன். என் தப்பை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, நீ கோழை என்றதை வாங்கிக்கொண்டு நின்றேன். மூன்று மாதம் பேசாமல் இருந்தது உன்மேல் உள்ள கோபத்தில் மட்டும் இல்லை.

இன்றே மாஸ்டரிடம் போய்ச் சொல். நாளைக்கு என்று வைக்காதே.

திலேகென்

*

தால்கர்
ஜூலை 25

தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உன்னை உதைக்க வேண்டும் என்று இருந்தது. நான்காவது முறை எழுந்து மாஸ்டர் அறைக்குப் போனேன்.

"மாஸ்டர், வியாழக்கெழமைல நான் ஜிம்முக்குப் போறேன்."

"எத்தன வியாழன்?"

"ஒம்பது."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கத்துவார் என்றுதான் நினைத்தேன். "ஒம்பது வாரமா என் திட்டம் எங்க ஒதைக்குதுன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டிருக்கேன். உனக்கு வயசாயிடுச்சுன்னு மேல எழுதி அனுப்ப முந்தாநேத்து பேனாவத் தெறந்துட்டேன், தெரியுமா? எழுதியிருந்தா உன் கதை முடிஞ்சுது" என்றார். அதற்குப் பிறகு கத்தினார். கொரியன், ரஷ்யன், கஸாக் என்று மூன்று மொழியிலும் கத்தினார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தது கேட்டது.

பத்து நாள் பாரைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு. அதற்குப் பிறகு மூன்று வாரம் படிப்படியாக ஏற்றம், நான்காவது வாரம் பாதி எடை, பாதி நேரம். முன்பும் இதே திட்டம்தான் கொடுத்திருந்தார். அந்த நான்காவது வாரங்களை நான்தான் திருடித் தின்றுவிட்டேன்.

அந்தப் பத்து நாளைப் பற்றி என்ன எழுத? கனமான பார் முதுகில் இருக்கும்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே எடைத் தட்டுகள் தரையில் விழும் சத்தம். ஒவ்வொரு சத்தமும் ரைஹான் என்னைத் தாண்டிப் போகிற சத்தம். முதல் நான்கு நாள் பகலெல்லாம் தூங்கினேன். ஐந்தாம் நாள் சோற்றின் வாசனை தெரிந்தது, மூன்று தட்டு சாப்பிட்டேன். எட்டாம் நாள் மாடிப்படி ஏறும்போது என்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன். சும்மா கட்டிக்கிடக்கும் உன் குதிரைகளை நினைத்துக்கொண்டேன். என்ன நெஞ்சுரம் அவற்றுக்கு! அவற்றை அப்படி நிறுத்தி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டான் குதிரை ஓடுவதைப் பார்த்தும் பொறுத்திருக்கிற உனக்கு அதைவிட நெஞ்சுரம். உன்னைக் கோழை என்ற வாயைக் கழுவ வேண்டும். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், நான் வரும்போது ஆட்களைக் கூட்டி வை.

ரைஹான், "அக்கா, ஏன் பயிற்சிக்கு வரல?" என்று கேட்டாள். "முதுகு புடிச்சுக்கிச்சு" என்றேன். அவளிடம் எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்?

உல்போல்சின்

*

கார்காரா
ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

எழுத்து இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கிறது. அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். "பத்து நாள் சும்மா இருந்தாளா? நம்ம உல்போல்சினா?" என்று இரண்டு முறை கேட்டு, பாலை அடுப்பில் மறந்துவிட்டார்.

உன்னிடம் நேரில் சொல்ல வராது, எழுதிவிடுகிறேன். பதினாறு வயதில் பள்ளிக்குப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் கிடந்த தண்டவாளத் துண்டைத் தூக்கித் தூக்கிக் கை கிழிந்து வருவாய். இந்தப் பதினைந்து வருடத்தில் இரண்டு அறுவை சிகிச்சை, இரண்டு முறை வெளியே நின்றது, எல்லாம் ஆகியும் காலையில் எழுந்து மறுபடி பாருக்குப் போகிறாய். எந்தக் குதிரையும் அப்படிப் போகாது, சவுக்கு வேண்டும். உன் பலத்தைப் பார்த்து ஊர் வாய் பிளக்கும். நான் வாய் பிளப்பது அந்தப் போவதைப் பார்த்து. இப்போது போகாமல் இருக்கவும் கற்றுக்கொண்டாய். எனக்கு உன்னைப் பார்த்துப் பெருமையாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்தால் இனி குர்த் கிடையாது.

தார்லான் கோடை முழுக்க மேய்கிறது. வயிறு கொழுகொழுவென்று, பந்தயக் குதிரை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் கேகெனில் சின்னப் பந்தயம் ஒன்று உண்டு. இரண்டு வாரமாக மெல்லத் தயார் செய்கிறேன்.

திலேகென்

*

தால்கர்
ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

107! பார் தானாக ஏறியது போல இருந்தது. மாஸ்டர் குறிப்பேட்டில் எழுதினார், அடியில் கோடு போட்டார். அவர் கோடு போட்டு நான் பார்த்ததே இல்லை.

ரைஹானுக்கு நேர்மாறு. ஜூனில் 105 தூக்கியவள் இப்போது 100-க்குத் திணறுகிறாள். படியில் தாவுவதில்லை, கைப்பிடியைப் பிடித்து இறங்குகிறாள். இன்று வியாழன், ஓய்வு நாள். மதியம் சாப்பாட்டில் அவள் ரொட்டியை எடுத்தபோது உள்ளங்கையில், பார் வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடி இருந்தது.

குர்த் தீர்ந்துவிட்டது. இந்த முறை உப்புக் குறைவாகச் செய்யச் சொல் அம்மாவை. தார்லான் என்ன ஆயிற்று, எழுது.

உல்போல்சின்

*

கார்காரா
ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

முப்பத்தொரு குதிரையில் தார்லான் மூன்றாவதாக வந்தது. கடைசி இரண்டு கல்லில் பதினான்கு குதிரைகளைத் தாண்டியது. வந்து நின்றபோது மூச்சு அடங்கியே இருந்தது. நான் அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே, புழுதி.

குர்த் அனுப்பியிருக்கிறேன், உப்புக் குறைவு.

அந்தப் பெண்ணின் கையில் சாக் பொடி பார்த்ததாக எழுதினாய். அடுத்த வரியில் என்ன எழுதப்போகிறாய் என்று ஆவலாகப் பார்த்தேன். குர்த் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய்.

உனக்கு ஒரே ஓர் இடம்தான், தெரியும். பதினைந்து வருடம் அதற்காகத்தான் உழைத்தாய் என்பதும் தெரியும். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் காலம் முழுக்க என்னைக் குறை சொல்வாய்.

திலேகென்

*

தால்கர்
ஆகஸ்ட் 31

திலேகெனுக்கு,

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பேன்.

நேற்று மாலை அவளைத் துவைக்கும் அறையில் பிடித்தேன். வேறு யாரும் இல்லை.

"வியாழக்கெழம ஜிம்முக்குப் போறியா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா."

"எப்பலேர்ந்துடி?"

"ஜூன்ல ஒரு நாள் ஜன்னல் வழியா ஒங்களப் பாத்தேன். இந்த வயசுலயும் அக்கா இப்படித் தூக்குறாங்கன்னா இதுதான் ரகசியம்னு நெனச்சேன். நீங்க முதுகு புடிச்சுப் படுத்ததும், ஒங்க நேரத்துல நான் போக ஆரம்பிச்சேன்."

முதுகு ஒன்றும் பிடிக்கவில்லை, எல்லாம் பொய், வியாழக்கிழமைகளால்தான் நான் சரிந்தேன், நிறுத்திய பிறகுதான் ஏறினேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். உடனே போய்ப் படு, பத்து நாள் பாரைத் தொடாதே என்றேன்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். அழுத்தக்காரி. "தேர்வுக்கு மூணே வாரம் இருக்கு. இருக்கிறது ஒரே எடம். இப்ப என்னப் போய்ப் படுத்துக்கச் சொல்றீங்க. போன தடவ பொய் சொன்னீங்க. இத நான் நம்பணுமா?"

அவளிடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். என் பயிற்சிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் தூக்கியது, தவறவிட்டது, நக்கிப் பார்த்த உப்பு வரை எல்லாம் அதில் இருக்கிறது. போட்டியாளரிடம் அதைக் கொடுப்பதும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதும் ஒன்று. அவள் சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தாள். பிறகு, "வாங்க, மாஸ்டர்கிட்ட போலாம். தனியாப் போக எனக்குப் பயமாயிருக்கு" என்றாள்.

போனோம். மறுபடி மூன்று மொழி.

இப்போது அவள் என் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். நான் விழித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்பார்களே, ஆகவில்லை.

உல்போல்சின்

*

தால்கர்
செப்டம்பர் 21

தம்பிக்கு,

நேற்று தேர்வுப் போட்டி முடிந்தது. துர்சுன் அண்ணன் வண்டி நாளைக் காலை கிளம்புகிறது. கைப்பேசி திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் இதை எழுதத்தான் தோன்றியது. வியாழக்கிழமை நானும் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு இதை வாசிக்கும்போது கடைசிப் பத்திக்கு முன் நிறுத்து, அவரை முதலில் உட்காரச் சொல்.

நான் ஸ்நாட்ச்சில் 109 தூக்கினேன். முப்பத்தொரு வயதில், திலேகென்! என் உச்சத்தைவிட ஒரு கிலோ அதிகம். கீழே உட்கார்ந்தபோது பார் என் தலைக்கு மேல் ஆணி அடித்தது போல நின்றது. அடுத்து ஜெர்க், மார்பு வரை தூக்கி நிறுத்தி, பிறகு மேலே தள்ளுவது. அதில் 135. அதுவும் நான் தொடாத எடை. மொத்தம் 244. கால் நடுங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. இறங்கி வரும்போது மாஸ்டர் என் நெற்றியில் முத்தமிட்டார். பதினைந்து வருடமாக நான் தேடிய நாள் நேற்றுதான். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இனி யாரும் அதை என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

ரைஹான் ஸ்நாட்ச்சில் 107. ஜெர்க்கில் 130, 134 இரண்டையும் தூக்கிவிட்டாள். ஒரு வாய்ப்பு மிச்சம். என்னைத் தாண்ட அவளுக்கு 138 வேண்டும், அவள் வாழ்நாளில் தொட்டிராத எடை. மாஸ்டர் அவளிடம், "136 போதும், உனக்கு வயசிருக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்திருக்கலாம். தலையை ஆட்டினேன், போ என்று. ஏன் ஆட்டினேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

138. மார்புக்குக் கொண்டுவந்து எழும்போது பாதியில் நின்றுவிட்டாள். எழ முடியாது என்று நினைத்தேன். பிறகு தொடை ஒவ்வொரு விரற்கடையாக மேலே வந்தது. பத்து நாள் ஓய்ந்த உடம்பு அது, உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் வைத்திருந்தது. நேராக நின்றாள், ஒரு மூச்சு எடுத்தாள், தள்ளினாள். கை பூட்டிக்கொண்டது. இவ்வளவு அழகாக யாரும் பார் தூக்கி நான் பார்த்ததில்லை. அரங்கில் முதலில் எழுந்து கத்தியது நான்தான். தொண்டை கிழியக் கத்திவிட்டு உட்கார்ந்த பிறகுதான், போனது என் இடம் என்று எனக்கு உறைத்தது.

உல்போல்சின்